கோட்டைக்குத் திருஷ்டிக் காய்

என் பேத்திக்கு வயது ஐந்து. இதற்குள் அவள் ஏறி இறங்கிய கோயில்களின் கணக்கைக் கேட்டால் நாயன்மார்களே கொஞ்சம் யோசிப்பார்கள். பக்தி காரணமில்லை, விலாசம்தான் காரணம். காஞ்சிபுரத்தில் பால் பாக்கெட் வாங்கப் போனால் வழியில் ஒரு கோயில், மளிகைக்குப் போனால் இரண்டு. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் கோயில் மதிலில் சாய்ந்து நிற்காமல் ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கைமாற்றுக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவள் ஒப்புக்கொண்ட ஒரே கோயில் கைலாசநாதர். உள்ளே மதிலை ஒட்டி வரிசையாக 58 சின்னச் சன்னிதிகள். கண்ணாமூச்சி ஆடுவதற்காகவே ராஜசிம்ம பல்லவன் அவற்றைக் கட்டினான் என்பது அவள் கட்சி. 1300 வருஷத்து ஆராய்ச்சியில் இதற்கு மறுப்பு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போகிற குறுகல் வழி ஒன்றும் உண்டு. அதில் புகுந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். அவள் நாலு தடவை புகுந்து வந்தாள். நான் ஒரு தடவை புகுந்தேன். பாதியில், இந்தப் பிறவியே இங்கேதான் முடியப்போகிறது என்று தோன்றிவிட்டது.

காலாண்டு விடுமுறையின் மூன்றாம் நாள், பொழுது போகாமல், “வரதராஜர் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வரலாமா?” என்று கேட்டேன்.

“நம்ம டியூப்லைட்டாண்டயே நெஜப் பல்லி கீதே தாத்தா.”

பதில் சொல்ல முடியாத இடத்தில் பெரியவர்கள் செய்கிற தவற்றை நானும் செய்தேன். பெரிதாக ஒன்றை வாக்குக் கொடுத்தேன். “அப்படின்னா, கடலோரத்துல ஒரு கோட்டை காட்டறேன்.”

அவளுக்குக் கோட்டை என்றால் டிவியில் வருவது. கூம்புக் கூரை, கொடி, அகழி, அகழிக்குள் முதலை, மாடியில் ஜன்னலோரம் தலைவாரிக்கொண்டிருக்கும் இளவரசி. நான் சொன்ன கோட்டை வேறு. அந்த வித்தியாசத்தை அன்றைக்கே விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை.

காஞ்சிபுரத்துக்காரனுக்குக் கடல் கொஞ்சம் மனத்தாங்கலான விஷயம். எங்கள் மாவட்டத்துக்கு மாமல்லபுரம் இருந்தது, கல்பாக்கம் இருந்தது, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை இருந்தது, கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையும் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது கிணறு முழுக்க ஒருத்தன் பங்குக்குப் போகுமே, அதுபோல் கடற்கரை முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. ராத்திரி கடலோடு தூங்கப் போனவர்கள் காலையில் கடல் இல்லாமல் எழுந்தோம். 7ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்றில், காஞ்சி சிங்களத்துக்குக் கப்பல் ஏறுகிற துறை, மூன்று நாளில் அக்கரை போய்விடலாம் என்று எழுதியிருக்கிறது. அவர் மாமல்லையைச் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவுக்குப் படகு வந்தது மழை பெய்து சாக்கடை அடைத்துக்கொண்ட வருஷங்களில் மட்டும்தான்.

சதுரங்கப்பட்டினமா, ஆலம்பரையா என்று வீட்டில் ஒரு சின்ன மாநாடு நடந்தது. சதுரங்கப்பட்டினத்தில் சுவர் ஓரளவு முழுசாக இருக்கிறது, கிடங்குகள் இருக்கின்றன, டச்சுக்காரர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. கல்லறை என்றதும் மகள், “வேணாம்பா. ராத்திரி அவளைத் தூங்கவைக்கப் போறது நீங்களா, நானா?” என்றாள். ஆலம்பரை என்று முடிவாயிற்று.

அடுத்த சிக்கல் உடை. கோட்டைக்குப் போகிறவள் ராணி, ராணி பட்டுப்பாவாடைதான் உடுத்துவாள், இது அவள் தீர்ப்பு. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில் குழந்தைக்கென்று இருப்பது ஒரே ஒரு பட்டுப்பாவாடை. என் தம்பி தறியில் ஒரு பாவு முடிகிற இடத்தில் மிஞ்சிய துண்டில் தைத்தது. மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. கோர்வைக் கரை என்பதால் உடம்பும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வொரு இழையிலும் கைகோத்துக்கொள்ளும். அதற்குத் தறியில் இன்னொரு ஆள் கூட உட்கார வேண்டும். அத்தனை பாடுபட்டதை உப்புக் காற்றில் காட்டுவதா? சரிகை என்பது பட்டு இழையில் வெள்ளியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. உப்புத் தண்ணீர் பட்டால் கருத்துப்போகும் என்பதை எங்கள் தெருவில் குழந்தைகளுக்குத் தாலாட்டோடு சேர்த்துச் சொல்லிவிடுவோம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் சரிகைக் கணக்கு எழுதியவன் நான். மெல்ல எடுத்துச் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பட்டுப்பாவாடை வென்றது. தலைக்குத் திருவிழாக் கடையில் வாங்கிய காகிதக் கிரீடம், கைக்குப் பிளாஸ்டிக் கத்தி.

என் மனைவி வரவில்லை. “இடிஞ்ச சுவரைப் பார்க்க எதுக்குக் கார்? நம்ம கொல்லையில பார்த்தா போதாதா?” என்று கேட்டுவிட்டு, புளிசாதமும் குடலை இட்லியும் கட்டிக் கொடுத்தாள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட அந்த இட்லி ரெண்டு நாள் கெடாது. கோட்டை கெட்டாலும் அது கெடாது என்றாள்.

உத்திரமேரூர், மதுராந்தகம், செய்யூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. கார் எங்கள் தெருத் தம்பி ஒருத்தனுடையது, ஓட்டியதும் அவன்தான். உத்திரமேரூர் வந்ததும் எனக்கு நாக்கு அரித்தது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது, வேட்பாளருக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், 70 தாண்டக் கூடாது, சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத சின்னப் பையன் ஒருத்தனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ‘சின்னப் பையன்’ என்று சொல்லும்போது ராணி வாந்தி எடுத்தாள். பாவாடை தப்பியது, என் வேட்டி தப்பவில்லை. வண்டியை ஓரங்கட்டித் துடைத்துக்கொண்டே தம்பி, “குடவோலையை நிறுத்திக்கலாம் ஐயா, இன்னும் ரொம்ப தூரம் போகணும்” என்றான். நிறுத்திக்கொண்டேன். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தியாகம் யாருக்கும் தெரியாது.

கடப்பாக்கத்தில் திரும்பி, தென்னந்தோப்புகளைக் கடந்து, வண்டி நின்றது. எதிரே சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும். சில இடத்தில் ஆள் உயரம், சில இடத்தில் ரெண்டாள், பல இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் கழிமுகத்துத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது, அதற்கும் அப்பால் மணல் திட்டு, பிறகு கடல்.

தம்பி கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “இதுதானா ஐயா?” என்றான்.

“இதுதான். பதினைந்து ஏக்கர்.”

“பதினைஞ்சு ஏக்கரும் இப்படியேவா?”

ராணி இறங்கினாள். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டாள். கத்தியை நீட்டி, சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒருமுறை பார்த்தாள். ஏமாற்றம் வரும், அழுகை வரும் என்று இட்லிப் பொட்டலத்தைக் கையில் ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்: “தாத்தா, இன்னிக்கு வேலையாளுங்கோ லீவா?”

எனக்குப் புரியவில்லை. நான் நினைத்து வந்த பாடத்தை ஆரம்பித்தேன். ஆலம்பரை 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் முகலாயர் காலத்தில் எழும்பியது, 1735 வாக்கில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் கையில் இருந்தது, 1750இல் முசாபர் ஜங் செய்ந்நன்றிக்காகப் பிரெஞ்சுக்கார தூப்ளேவுக்குக் கொடுத்தார்…

“கோட்டையவே கிஃப்ட் குடுத்தாங்களா?”

“ஆமா.”

“எனக்குப் பொறந்தநாளுக்குப் பென்சில் பாக்ஸ்தான் குடுத்தே.”

வரலாற்றை இங்கே கொஞ்சம் வேகமாக நகர்த்த வேண்டியதாயிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் சண்டை. எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு கிட்டத்தில்தான். அதில் அயர் கூட்டின் ஆங்கிலப் படையிடம் லாலியின் பிரெஞ்சுப் படை தோற்றது. அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அதே வருஷம் ஆலம்பரையும் விழுந்தது. பிடித்த ஆங்கிலேயர் இதை வைத்துக்கொள்ளவில்லை, இடித்துப் போட்டார்கள். மிச்சம் இருந்ததில் ஒரு பங்கை 2004 சுனாமி எடுத்துக்கொண்டது.

“வெள்ளைக்காரங்க ஒடச்சாங்களா?”

“ஆமாம்மா.”

“நம்ம பெருமாளுக்கு நகை குடுத்தாரே ஒரு வெள்ளைக்காரரு, அவரா?”

வரதராஜருக்குக் கிளைவ் கொடுத்ததாகச் சொல்கிற மகரகண்டியைப் பற்றிப் பாட்டி அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் இல்லை, அவர் கூட்டாளிகள் என்றேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் கிளைவும் லேசுப்பட்டவரில்லை. 1751இல் எங்கள் ஊர்ப் பெரிய கோயில் ஒன்றுக்குள் பிரெஞ்சுக்காரர் பட்டாளம் புகுந்து அதையே கோட்டையாக்கி உட்கார்ந்திருக்க, பீரங்கி கொண்டுவந்து விரட்டியவர். இடிக்கிறது ஒரு கை, சாத்துகிறது ஒரு கை. எங்கள் பெருமாள் ரெண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் அவளுக்கு இந்த இடித்த கதையே ஒட்டவில்லை. சுவரருகே போய், தட்டையான அந்தச் சின்னச் செங்கல்களை விரலால் தடவினாள். நம் கையளவுதான் ஒவ்வொன்றும். நடுவில் சுண்ணாம்பு, செங்கல் பருமனுக்குச் சமமாக. ஒரு பொந்தில் சின்ன நண்டு ஒன்று எட்டிப் பார்த்து உள்ளே போயிற்று. “வாட்ச்மேன்” என்றாள். பிறகு தீர்மானமாகத் திரும்பினாள்.

“தாத்தா, நீ சொல்றது தப்பு. இது ஒடையல. இன்னும் கட்டி முடிக்கல.”

அப்போதுதான் எனக்கு லீவு விஷயம் விளங்கியது. எங்கள் எதிர்வீட்டில் மூன்று வருஷமாக மாடி எழும்புகிறது. அதாவது, எழும்பாமல் நிற்கிறது. நாலு தூண், தூண் உச்சியில் துருப்பிடித்த கம்பிகள், இடுப்பளவு சுவர், ஒரு மணல் குவியல், அதன்மேல் பூனை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜன்னல் வழியே அவள் பார்த்துவருவது இதைத்தான். வீட்டுக்குள் திரும்பினால் தறி. தறியில் எந்த நாள் பார்த்தாலும் புடவை பாதியில்தான் இருக்கும். முழுசானது மடித்துச் சங்கத்துக்குப் போய்விடும், வீட்டில் தங்காது. அரைகுறையாக ஒரு சாமான் நின்றால், மேற்கொண்டு காசு வரவில்லை என்றுதான் அவளுக்குப் பொருள். அவள் பார்த்த உலகத்தில் முழுசாக நிற்பவை கோயில்கள் மட்டும். அவற்றையும் யாராவது சாரம் கட்டிப் பூசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

“யாரு கட்டறாங்க?” என்று கேட்டேன், பேச்சுக்கு.

“ராஜாதான். காசு தீந்துபோயிருக்கும்.”

இந்த இடத்தில் நான் அசந்து போனேன். இந்தக் கோட்டைக்குள்ளே ஒரு காலத்தில் நாணயம் அடிக்கும் சாலை இருந்தது. காசு அடிக்கிற இடத்திலேயே காசு தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, “அப்போ மேஸ்திரி ஏமாத்திட்டாரு” என்றாள். எதிர்வீட்டுக்காரர் தினமும் தெருவில் நின்று சொல்வது இதையேதான்.

அடுத்தடுத்துக் கேள்விகள். ராஜா எங்கே தூங்குவார், கக்கூஸ் எந்தப் பக்கம், மோட்டார் எங்கே வைப்பார்கள், கரண்ட் கனெக்‌ஷன் வாங்கியாச்சா. படித்துவிட்டு வந்த ஒன்றுக்கும் கேள்வி வரவில்லை. ஒன்றை மட்டும் நானாகவே சொல்லிவைத்தேன். இந்தத் துறையிலிருந்து சரிகைத் துணி, உப்பு, நெய் மூன்றும் கப்பலில் போயினவாம். படித்தபோதே எனக்கு நெஞ்சு பதறியது. சரிகையையும் உப்பையும் நெய்யையும் ஒரே துறையில் ஏற்றியவன் எவனாயிருந்தாலும் எங்கள் தெருக்காரனாக இருக்க மாட்டான். சங்கத்தில் அப்படி ஒரு சரக்கு திரும்பி வந்திருந்தால், சேதாரக் கணக்கு எழுதியே நான் ஓய்வு பெற்றிருப்பேன். பேத்தியிடம் சொன்னேன்: “பாரு, உன் பாவாடையில இருக்கிற மாதிரி சரிகை இங்கருந்து கப்பல்ல போயிருக்கு.” அவள் பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். கரையோரம் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம். எப்போது தண்ணீரில் இறங்கினாள் என்று எனக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது.

படகுக்காரர் ஒருத்தர் கழிமுகத்தைச் சுற்றிக் காட்டுவதாகக் கூப்பிட்டார். ஈரம் இனி என்ன, ஏறினோம். தண்ணீரிலிருந்து பார்த்தால் கோட்டை கொஞ்சம் கோட்டையாகத் தெரிந்தது. ஒரு துண்டுச் சுவர் அப்படியே சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, அடியெல்லாம் சிப்பி. “கலவை சரியில்ல” என்றாள் ராணி. படகுக்காரர் ஏதோ பொறியாளரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

கரையேறி இளநீர் குடிக்கும்போதுதான் காரணம் கண்டுபிடித்தாள். “தாத்தா! திருஷ்டி பொம்மையே கட்டல! அதான் நின்னுபோச்சு.”

எதிர்வீட்டுத் தூணில் ஒரு பொம்மை தொங்குகிறது. கோரைப்பல், முட்டைக்கண், நாக்கு. அப்படியும் அந்த மாடி நின்றுபோனதேன் என்று கேட்கலாம். கேட்டுப்பார்த்தேன். அது மழையில் வெளுத்து, ஒரு கண் போய்விட்டதாம். ஒற்றைக்கண்ணால் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்?

குடித்து முடித்த இளநீர்க் காயை நீட்டினாள். வரையணும். சங்கத்தில் கையெழுத்துப் போட்ட அதே நீலப் பேனாவால், முகலாயர் கட்டி, நவாப் ஆண்டு, தூப்ளே வாங்கி, ஆங்கிலேயர் இடித்த கோட்டைக்காக, மண்டியிட்டு உட்கார்ந்து நான் ஒரு பூதம் வரைந்தேன். ஈரக் காயில் மை ஓடவில்லை, ஒவ்வொரு கோட்டையும் நாலு தரம் அழுத்தினேன். மீசை வேண்டும் என்றாள். போட்டேன். கோபமாக இல்லை என்றாள். புருவத்தைச் சாய்த்தேன். தம்பி எட்டிப் பார்த்து, “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்படியே உங்கள மாதிரியே கீது” என்றான்.

அவள் கைக்கு எட்டிய ஒரு மேட்டுச் சுவரில் அதைக் கடலைப் பார்க்க உட்காரவைத்தாள். வெள்ளைக்காரர் வந்தால் அந்தப் பக்கமாகத்தானே வருவார்கள். கிரீடத்தையும் கழற்றி அதன் தலையில் வைத்தாள். கும்பிட்டாள். பத்து நிமிஷம் காவலுக்கு நின்றாள்.

பழைய காலத்துக் கோட்டையில் இளநீர்க் குடுக்கையை விட்டுவருகிற ஆள் நான் இல்லை. தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும், பின்னாலே நின்று காயையும் கிரீடத்தையும் எடுத்து மேல்துண்டில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டேன். 1760க்குப் பிறகு ஆலம்பரையில் நடந்த கடைசிக் கொள்ளை அது என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பும் வழியெல்லாம் அவள் என் மடியில் தூங்கினாள். பாவாடைக் கரை உப்புப் பூத்து மொரமொரவென்று நின்றது.

வீட்டு வாசலில் மகள் கேட்டாள்: “கோட்டை எப்படிடி இருந்துச்சு?”

“வேலை நடக்குதும்மா. இந்தத் தாத்தா சீக்கிரமே கூட்டிட்டுப் போயிட்டாரு.”

என் மனைவி பாவாடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நாற்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், பேசியிருந்தால் தேவலை. அந்தச் சமயம் பார்த்துத் தம்பி, சாப்பாட்டுக் கூடையை எடுப்பதற்காக டிக்கியைத் திறந்தான்.

மேல்துண்டு அவிழ்ந்து, கிரீடத்தோடு பூதம் உருண்டு வந்து வாசல் கோலத்தில் நின்றது. ராணி அதைப் பார்த்தாள். அழவில்லை. எதிர்வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: “இனிமே எப்படிக் கட்டுவாங்க?”

தை பிறந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று உடன்பாடு. அதற்குள் கான்கிரீட் போட்டிருப்பார்களாம், போட்டிருந்தால் மாடிக்கு ஏறிப் பார்க்கலாமாம். அதுவரை காய் எங்கள் திண்ணையில் இருக்கிறது. பச்சை போய்ப் பழுப்பாகி, வற்றி, கன்னம் ஒட்டி, மீசை கொஞ்சம் இறங்கிவிட்டது. போகிற வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்க்கிறார்கள், அப்புறம் உள்ளே எட்டி என்னைப் பார்க்கிறார்கள்.